சலான் இல்லாத பிரிகேடுகள்

தரைப்படைத் தளபதி உபேந்திர திவிவேதி 2025 ஜூலை 26 அன்று திராஸில் அறிவித்த ‘ருத்ரா’ பிரிகேடுகளை வரவேற்கிறோம். காலாட்படை, கவசம், பீரங்கி, சிறப்புப்படை, ட்ரோன் எல்லாம் ஒரே தலைமைக்குக் கீழ் வருவது களத்துக்கு நல்லது. அந்த அறிவிப்பின்போதே இரண்டு பிரிகேடுகள் மாறிவிட்டிருந்தன. டிவிஷன் வரலாறு எழுதும் நமக்குக் கவலை வேறு. பிரிகேட் தனித்து இயங்கினால், போர்க் குறிப்பேடு யார் அலமாரியில் சேரும்?

54-ஆவது டிவிஷனை எடுத்துக்கொள்ளுங்கள். 1971-இல் பசந்தரில் ஜெனரல் பின்டோவின் கீழ் 47, 74, 91 என்ற தன் பிரிகேடுகளோடு கட்டுக்குலையாமல் நின்ற டிவிஷன். 16 மெட்ராஸ் பட்டாலியனின் கர்னல் காய் எந்த பிரிகேடில், எங்கே விழுந்தார் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. 1987-இல் ஹர்கிரத் சிங்கின் கீழ் அதே 54 அமைதி காக்கும் படையாக யாழ்ப்பாணம் போனது. அக்டோபரில் புலிகளோடு சண்டை மூண்டதும் 41, 72 என வெளி பிரிகேடுகளைப் பலாலியில் கொண்டுவந்து இறக்கினார்கள். குவாலியரிலிருந்து வந்த 13 சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் முப்பது பேர் இரவில் யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் இறங்கினார்கள். இருபத்தொன்பது பேர் திரும்பவில்லை. அந்த இரவு எந்த டிவிஷனின் வரலாறு? சின்னம் 54-உடையது, செத்தவர்கள் இரவல் பிரிகேடின் ஆட்கள்.

இது எழுதப்படுவது திருப்பூர் நல்லூரில். (போர்க் குறிப்பேடுகளில் வரும் நல்லூர் யாழ்ப்பாணத்துக் கந்தசாமி கோயில் நல்லூர், இரண்டையும் குழப்பி வரும் கடிதங்கள் நிற்கவே இல்லை.) இங்கே பத்து பண்டல் துணி தையலுக்கு வெளியே போனாலும் கூடவே டெலிவரி சலான் போகும். எந்த லாட், எந்தத் தேதி, யார் வாங்கினார், எல்லாம் அதில் இருக்கும். ஒரு பட்டாலியனை வேறு பிரிகேடுக்கு அனுப்பும்போது அந்த அளவு அக்கறையாவது வேண்டாமா?

அந்தக் குறிப்பேடுகளைத் திறந்து பார்க்கவாவது முடியுமா? பாதுகாப்பு அமைச்சகத்தின் 2021 ஜூன் கொள்கை போர்ப் பதிவுகளை ‘வழக்கமாக’ 25 ஆண்டில் திறக்கலாம் என்கிறது. ‘வழக்கமாக’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பூட்டு! பழைய பதிவுகளோ, போர் வரலாறு தொகுத்து முடிந்த பிறகுதான் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகுமாம். தொகுப்பவருக்கே பதிவு எங்கே கிடக்கிறதென்று தெரியாவிட்டால் தொகுப்பு எப்போது முடிவது? கடைசிப் படை இலங்கையை விட்டது 1990 மார்ச்சில். இருபத்தைந்து ஆண்டுக் கணக்கு 2015-லேயே தீர்ந்துவிட்டது. அமைச்சகம் கூட்டல் கணக்குக்கும் குழு போட வேண்டுமா?

பிரிகேட் உருமாறும் முன் பழைய குறிப்பேடுகளின் பட்டியல் அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்குப் போயாக வேண்டும். இதை உத்தரவாகவே போட வேண்டும். அதுவரை, தங்கள் பட்டாலியன் எந்தத் தேதியில் எந்த பிரிகேடின் கீழ் மாறியது என்று தெரிந்தவர்கள் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். 41, 72 ஆட்கள் முதலில்.