பாட்டைப் பேணுவோரும் பாழாக்குவோரும்

60 ஆண்டு கண்ட ஓர் அமெரிக்கப் பாட்டுக்குழுவிற்காக மக்கள் ஏங்கிக் காத்திருந்தனர் எனின், 'கிறுக்கர்' என நகைப்பார் நம்மிடை உளர். நகைக்குமுன் அவர்தம் செயலை எண்ணிப் பார்க்கட்டும்!

1965-இல் கலிபோர்னியாவில் தோன்றியது 'கிரேட்புல் டெட்' என்னும் குழு. முதன்மை இசைஞர் செர்ரி கார்சியா 1995-இல் மறைந்தார், குழுவும் கலைந்தது. சுவைஞர் கலைந்தாரல்லர். 2015-இல் பொன்விழாவிற்குச் சிகாகோவில் திரண்டனர். 2025-இல் வழிக்குழுவினர் சான்பிரான்சிசுகோப் பூங்காவில் மூன்று நாள் பாடிய மணிவிழாவிற்கும், அவ்வாண்டு 60 வட்டுகளாய் வெளிவந்த பழம்பதிவுத் தொகுப்பிற்கும் நாளெண்ணிக் காத்திருந்தனர்.

இவ்வார்வத்தின் வேர் யாது? ஒரே பாட்டையும் அக்குழு நாள்தோறும் வேறுவேறாய் விரித்துப் பாடியது. கேட்போர் ஒலிநாடாவில் பதிய இசைந்தது. 1984-இல் அவர்க்குத் தனியிடமே ஒதுக்கியது. 1977-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஓரிரவு பாடியது, கைக்குக் கை மாறி வாழ்ந்து, 2012-இல் அமெரிக்கப் பேராய நூலகப் பதிவேட்டில் ஏறியது. 2017-இல் முறையாக வெளிவந்தது.

பெருநாரை, பெருங்குருகு முதலாய தமிழிசை நூல்கள் இறந்தன என்று அடியார்க்குநல்லார் என்றோ எழுதிவைத்தார். இறந்தவற்றிற்கு இரங்குதல் எளிது. இருப்பதைக் காத்தலன்றோ கடன்? அயலார் பாட்டின் ஆரவாரத்தைப் படியெடுக்கும் நம்மவர், அவர் பேணும் திறத்தைப் படியெடுத்தாரில்லை. முதியோர் நாவில் இன்னும் வாழும் தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிந்துவைக்க அரசாணை வேண்டுமோ? தமிழரே, அந்நா அடங்குமுன் எழுக!