மீன் தொட்டித் தண்ணீர் பால் போல ஆகிவிட்டதா? மொத்தமாகக் கழுவிக் கொட்டாதீர்கள்!

நாமக்கல்லில் இருக்கும் அக்காவிடமிருந்து இரவு பத்து மணிக்கு வீடியோ கால். போனை மீன் தொட்டிக்கு முன்னால் பிடித்திருந்தாள். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி வைத்த மாதிரி உள்ளே ஒரே வெள்ளை. நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ அசைவது மட்டும் தெரிந்தது. "சித்தி, மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது" என்றான் அக்கா பையன். மூன்றாம் வகுப்பு. பிறந்தநாளுக்கு அடம்பிடித்து வாங்கிய தொட்டி அது. வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

நானும் பெரிய நிபுணர் போல, "தண்ணியை மொத்தமா கொட்டிட்டு, கல்லு, ஃபில்டர் எல்லாத்தையும் நல்லா தேய்ச்சுக் கழுவி, புதுத் தண்ணி விடுங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் தண்ணீர் பளிச்சென்று இருந்தது. அதற்கு அடுத்த நாள் மறுபடியும் வெள்ளை. மூன்று மீன்கள் செத்து மிதந்தன.

"நான் நிறைய சாப்பாடு போட்டதாலயா சித்தி?" என்று கேட்டான். அதற்குப் பிறகுதான் ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். சேலத்தில் பல வருடங்களாக மீன் வளர்க்கும் ஒரு தோழியிடமும் கேட்டேன். அவள் முதலில் சொன்னது, "நீதான்டி கெடுத்தே!"

அந்த வெள்ளை, அழுக்கு இல்லையாம். மிச்சமான தீனியையும் மீன் கழிவையும் தின்று கோடிக்கணக்கில் பெருகி மிதக்கும் பாக்டீரியா. அவை விஷமல்ல. ஆனால் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்க அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாது. அது அம்மோனியா. நாமக்கல்காரர்களுக்கு இதை அறிமுகப்படுத்தவே வேண்டாம். கோழிப்பண்ணை ஷெட்டுக்குள் நுழைந்ததும் கண்ணைக் கரிக்க வைக்கும் நெடி இருக்கிறதே, அதேதான். மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. ஷெட்டுக்காவது நாலாபக்கமும் காற்று உண்டு. தொட்டி மீன் எங்கே போகும்?

அந்த அம்மோனியாவைத் தின்ன வேறு வகை பாக்டீரியா இருக்கிறது. ஒரு கூட்டம் அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் மீனுக்கு விஷம்தான். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டால் ஆபத்து மிகக் குறைவு, அவ்வப்போது தண்ணீர் மாற்றினால் போய்விடும். 1890 வாக்கிலேயே வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி மண்ணிலிருந்து இந்த வகை பாக்டீரியாவைப் பிரித்துக் காட்டிவிட்டார். நமக்குத்தான் செய்தி லேட்டாக வந்திருக்கிறது.

விஷயம் என்னவென்றால், இந்த நல்ல பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதில்லை. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டிக்கொண்டு மிக மெதுவாக வளரும். புதுத் தொட்டியில் போதுமான அளவுக்குப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மூன்று வாரம் வளர்ந்ததைத்தான் நான் ஒரே ராத்திரியில் தேய்த்துக் கழுவச் சொல்லியிருக்கிறேன். கழுவியதும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில். தப்பிப் பிழைத்தவையும் அதில் போயிருக்கும்.

அடுத்தது, கூட்டம். அக்கா வீட்டுத் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். கணக்குப்படி சுமார் 56 லிட்டர். கல்லும் மேலே விட்ட இடைவெளியும் போக 45 லிட்டர் தேறும். அதாவது கடையில் வாங்கும் குடிநீர் கேனில் இரண்டேகால் கேன். அதில் 12 கோல்டு ஃபிஷ்! போதாததற்கு 'டேங்க் கிளீனர்' என்று சொல்லி ஒரு சக்கர் மீன் வேறு. அது கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டும், சரி. அதற்கும் வயிறு இருக்கிறதே, அதுவும் கழிவு போடுமே! பெரிதானால் ஒரு அடிக்கு மேல் வளரக்கூடிய மீன் அது.

தோழி சொன்னபடி செய்தோம். இரண்டு நாள் தீனியே கிடையாது. பையன் அழுதான். வளர்ந்த கோல்டு ஃபிஷ் இரண்டு நாள் பட்டினியைத் தாங்கும் என்று அவனை நம்பவைப்பதுதான் பெரும்பாடு. தினமும் கால் பங்கு தண்ணீர், அதாவது பத்து, பன்னிரண்டு லிட்டர் மட்டும் எடுத்துவிட்டு, ஆன்டி குளோரின் சொட்டு கலந்த தண்ணீரை மெதுவாக ஊற்றினோம். ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடியது. ஸ்பாஞ்சைக் குழாயடிக்குக் கொண்டு போகாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசினோம்.

தோழி தன் பழைய தொட்டியின் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி, அந்தத் தொட்டித் தண்ணீரோடு கவரில் போட்டுக் கொடுத்தாள். நல்ல பாக்டீரியாவுக்கு அதுதான் உறைமோர். (நோயில்லாத தொட்டியாக இருக்க வேண்டும், கவனம்.) பழுப்பு நிறத்தில் சொட்டும் அந்தக் கவரை மடியில் வைத்துக்கொண்டு சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட் பாட்டி ஜன்னலோரம் ஒதுங்கி உட்கார்ந்தார்.

"ஒரு துண்டு படிகாரம் போட்டா தெளிஞ்சுருமே" என்றார் அம்மா. கண்ணுக்குத் தெளியலாம். அம்மோனியா அப்படியே இருக்கும். படிகாரம் தண்ணீரின் பி.ஹெச். அளவையும் மாற்றிவிடும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன்.

நம் பக்கத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. பக்கெட்டில் வெள்ளை உப்புப் படிகிற போர் தண்ணீரில் பெரும்பாலும் பி.ஹெச். 7-க்கு மேலே இருக்கும். பி.ஹெச். 7-லிருந்து 8-க்குப் போனால், அதே அளவு அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகிறது. சூடு ஏறினாலும் அந்தப் பங்கு கூடும், ஆக்சிஜனும் குறையும். அதனால்தான் சித்திரை வெயிலில், அதுவும் கரன்ட் போன இரவில், மீன்கள் அதிகம் சாகின்றன. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். உப்புத் தண்ணீர்தான் கிடைக்கும் என்றால் கப்பி, மோலி வளர்க்கலாம். அவற்றுக்கு அந்தத் தண்ணீர் பிடிக்கும்.

தண்ணீர் பச்சையாக மாறினால் அது வேறு கதை. அது பாசி. ஜன்னல் வெயில் படாமல் தொட்டியை நகர்த்தி, லைட் எரியும் நேரத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் சரியாகும்.

பத்தாம் நாள் தொட்டிக்குப் பின்னால் இருந்த சுவர் காலண்டரின் தேதி தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் ஒன்பது மீன்களும் சக்கரும் அந்த இரண்டேகால் கேனில் இருக்க முடியாது. பையன் பரிதாபப்பட்டு, "ஏரில விட்றலாமா?" என்றான். கூடவே கூடாது. இப்படி யாரோ விட்ட சக்கர் மீன்கள்தான் இன்று பல ஏரிகளில் பெருகி, மீன்பிடிப்பவர்களின் வலையை நாசம் செய்கின்றன. சக்கரைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தோம். ஏழு கோல்டு ஃபிஷ்களை ராசிபுரத்துப் பெரியப்பா தோட்டத்தில் இருக்கும் சிமென்ட் தொட்டிக்கு அனுப்பினோம்.

எந்த இரண்டை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய அவனுக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வாரம் இரண்டு முறை அக்காவை வைத்துக்கொண்டு சோதித்து, அந்தக் கலரைக் காலண்டரில் கிரேயான்ஸால் தீட்டி வைக்கிறான். மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை. போன வாரம் முழுக்க மஞ்சள்தான். "அப்போ இன்னும் ரெண்டு மீன் வாங்கலாமா சித்தி?" என்று நேற்று வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கிறது.