‘கேஸ் ப்ராப்ளம் சார்!’



எல்பிஜி வண்டி வைத்திருப்பவர்கள் எழுதும் கடிதங்களில் ஊர் மாறும், வண்டி மாறும். புலம்பல் மட்டும் மாறாது. வண்டி திணறுகிறது, பிக்கப் இல்லை, சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் பானெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது: “கேஸ் ப்ராப்ளம் சார், கிட்டை மாத்திடலாம்.” மாற்றுகிறார்கள். கொஞ்ச நாள் சமர்த்தாக ஓடுகிறது. அப்புறம் வேதாளம் பழையபடி முருங்கை மரம் ஏறிவிடுகிறது.

இந்த இதழில் கேஸ் வண்டிகளுக்குக் கூடுதல் பக்கங்கள் ஒதுக்கியதற்கு அந்தக் கடிதங்கள்தான் காரணம். விசாரணையே இல்லாமல் தண்டனை வாங்குகிற பாகம் என்று ஒன்று உண்டென்றால் அது கேஸ் கிட்தான். அதற்காக ஒரு வக்காலத்து போட்டுவைக்கலாம் என்று தோன்றியது.

மோட்டார் வாகனச் சட்டத்தை 2000-ல் திருத்தி எல்பிஜிக்கு வழிவிட்டார்கள். 2001-ல் அதற்கென்று தனி ஆணையும் வந்தது. சென்னை ஆட்டோக்கள் கேஸுக்கு மாறியதும், ஆம்னியும் வேகன் ஆர் டுயோவும் கேஸ் டாங்கோடு வந்ததும் அதற்குப் பிறகு நடந்த கதை. அந்த வண்டிகளுக்கெல்லாம் இப்போது வயதாகிவிட்டது. ஆம்னி உற்பத்தியே 2019-ல் நின்றுபோனது. புது வண்டியில் வராத கோளாறெல்லாம் இனிமேல்தான் வரும். ரப்பர் காய்ந்துபோகிற வயது இது.

கேஸ் போகிற பாதை தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். டாங்கில் இருப்பது திரவம். செம்புக் குழாய் வழியாக அது முன்னால் வருகிறது. நடுவில் சோலனாய்டு வால்வு. கரண்ட் வந்தால்தான் திறக்கும். அதனோடு ஒரு ஃபில்டர். அடுத்தது வேப்பரைசர், நம் பட்டறைகளில் சிலர் ரெகுலேட்டர் என்பார்கள், சிலர் அதையே ‘கிட்’ என்று சொல்லிவிடுவார்கள். திரவம் அங்கே வாயுவாகி, அழுத்தம் குறைந்து, ஹோஸ் வழியாக மிக்ஸருக்குப் போய்க் காற்றோடு கலந்து என்ஜினுக்குள் நுழைகிறது. புதிய வகைகளில் மிக்ஸருக்குப் பதில் இன்ஜெக்டர். அவ்வளவுதான் பாதை.

எதையும் கழற்றும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பெட்ரோலில் எப்படி ஓடுகிறது? காரில் ஸ்விட்சை மாற்றினால் போதும். ஆட்டோவிலும் அவசரத்துக்கென்று சின்ன பெட்ரோல் டாங்க் உண்டு. பெட்ரோலிலும் அதே திணறல் என்றால் கேஸ் கிட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கம்ப்ரஷன், இக்னிஷன், ஏர் ஃபில்டர், எங்காவது காற்று ஒழுக்கு என்று தேட வேண்டியதுதான்.

பெட்ரோலில் ஓடி, கேஸில் மட்டும் மிஸ்ஸிங் அடித்தால்? “அப்போ கேஸ்தானே?” என்று முந்திக்கொள்ள வேண்டாம். இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். எல்பிஜி கலவையைப் பற்றவைக்கப் பெட்ரோலுக்குத் தேவைப்படுவதைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். தேய்ந்த ப்ளக், விரிசல் விட்ட ப்ளக் கேபிள், களைத்துப்போன காயில் எல்லாவற்றையும் பெட்ரோல் மூடி மறைத்து ஓட்டிவிடும். கேஸ் மறைக்காது, போட்டுக்கொடுத்துவிடும். மிக்ஸர் வழியாக ‘டப்’ என்று பேக் ஃபயர் அடித்து ஏர் ஃபில்டர் டப்பாவையே பிளக்கிறதே, அதுவும் பல சமயம் இப்படிப்பட்ட பலவீனமான தீப்பொறியின் வேலைதான். ப்ளக்கையும் கேபிளையும் மாற்றிப் பார்க்க ஆகும் செலவையும் ஒரு வேப்பரைசர் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதை முதலில் மாற்றிப் பார்ப்பது என்பதற்குப் பஞ்சாயத்தே தேவையில்லை.

ஏர் ஃபில்டரும் அப்படித்தான். மிக்ஸர் வைத்த வண்டியில் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் உறிஞ்சும் வேகம் கூடும். காற்று குறைந்து கேஸ் அதிகமாகப் போகும். வண்டி கனத்து ஓடும், மைலேஜ் குறையும். பழி வேப்பரைசர் மேல்.

இதெல்லாம் சரியாக இருந்தால் பிறகு கேஸ் பக்கம் வரலாம். சாவியைப் போட்டு ஸ்விட்சைக் கேஸுக்குத் திருப்பி, சோலனாய்டு பக்கம் காதைக் கொடுங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். வந்து, சில நொடியில் மறுபடி அடைத்துக்கொண்டால் பதற வேண்டாம். என்ஜின் சுற்றாதபோது கேஸை நிறுத்துகிற பாதுகாப்பு அது. சத்தமே வரவில்லையென்றால் உடனே சோலனாய்டு வாங்க ஓடாதீர்கள். ஃப்யூஸ், எர்த் வயர், கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து, டெஸ்ட் லைட் வைத்து 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். கரண்ட் வந்தும் வால்வு அசையாவிட்டால்தான் காயில் போனதாக அர்த்தம்.

சத்தம் வருகிறது, கேஸ் வரவில்லை. அதுவும் சர்வீஸ் முடிந்து வந்த அன்றைக்கே. இதற்கு அருமையான காரணம் ஒன்று இருக்கிறது. குழாய் உடைந்தால் டாங்கிலிருந்து கேஸ் கொட்டாதபடி வால்வுக்குள் ஒரு தடுப்பு வைத்திருப்பார்கள். கேஸ் திடீரென்று வேகமாகப் பாய்ந்தால் அது அடைத்துக்கொள்ளும். சர்வீஸ் முடித்தவர் டாங்க் வால்வைச் சரக்கென்று திருகித் திறந்திருப்பார். குழாய் உடைந்துவிட்டதாக நினைத்துத் தடுப்பு விழுந்திருக்கும். வால்வை மூடி, சற்றுப் பொறுத்து, மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும். இதற்காகப் புது சோலனாய்டு, புது ஃபில்டர் வாங்கியவர்கள் உண்டு.

வேப்பரைசருக்குக் கொஞ்சம் இடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். காரில் சில சமயம் வேப்பரைசர் மேல் வெண்பனி படரும். மே மாத வெயிலில், பானெட்டுக்குள் கை வைக்க முடியாத சூட்டில், அது மட்டும் ஐஸ் பிடித்து உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். திரவம் வாயுவாக வெப்பம் வேண்டும். சுற்றியிருப்பதிலிருந்து அதை இழுத்துக்கொள்ளும். புரோபேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கிற சமாச்சாரம். அந்த வெப்பத்தைக் கொடுக்கத்தான் ரேடியேட்டர் தண்ணீரை வேப்பரைசருக்குள் சுற்றவிடுகிறார்கள். என்ஜின் சூடான பிறகு வேப்பரைசருக்குப் போகும் இரண்டு தண்ணீர் ஹோஸையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருக்க வேண்டும். ஒன்று சூடு, ஒன்று ஜில் என்றால் தண்ணீர் சுற்றவில்லை; கூலன்ட் குறைந்திருக்கும், ஏர் லாக் ஆகியிருக்கும், அல்லது வழி அடைத்திருக்கும். மாற்ற வேண்டியது வேப்பரைசரை அல்ல. கூலன்ட் குறைந்த வண்டியை அப்படியே ஓட்டினால் கேஸ் தொல்லை போய் ஹெட் கேஸ்கெட் தொல்லை வரும் என்பது வேறு விஷயம்.

வேப்பரைசரே கெட்டுப்போவதும் உண்டு. நாள்பட்ட ஒன்றைத் திறந்தால் முதலில் முகத்தில் அடிப்பது வாடை. கேஸ் ஒழுகினால் தெரிய வேண்டுமென்று கலக்கும் மெர்காப்டனின் நாற்றம், அதோடு எண்ணெய்ப் பிசுக்கு. எல்பிஜியில் ஆவியாகாமல் மிஞ்சும் கனமான எச்சமெல்லாம் அங்கே தங்கி, கறுப்புத் தார் மாதிரி அடியில் கிடக்கும். டயாஃப்ரம் என்கிற மெல்லிய ரப்பர் தகடுதான் இதற்குள் உயிர்நாடி. என்ஜின் மூச்சிழுப்பதற்கு ஏற்ப அது அசைந்து கேஸை அளந்து விடுகிறது. விரலால் அழுத்தினால் துவண்டு கொடுக்க வேண்டும். பிசுக்கிலும் சூட்டிலும் பல வருடம் கிடந்தது பொரிக்காத அப்பளம் மாதிரி விறைத்துப்போயிருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் மடிப்பு ஓரமாக மயிரிழை விரிசல் தெரியும். ஐடிலிங் நிற்காதது, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஒரு கணம் தயங்குவது, மைலேஜ் விழுவது எல்லாவற்றுக்கும் இந்த ஒரு ரப்பரே காரணமாக இருக்கலாம். பல வேப்பரைசர்களுக்கு டயாஃப்ரம், ஓ-ரிங், கேஸ்கெட் எல்லாம் சேர்ந்த ரிப்பேர் கிட் கிடைக்கிறது. வாங்கினால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ‘இது நல்லாத்தானே இருக்கு’ என்று பழைய ஓ-ரிங்கை விட்டுவைப்பது சிக்கனமல்ல. அதே வேலைக்கு இரண்டாவது கூலி. சில மாடல்களில் அடியில் ஒரு ட்ரெயின் ப்ளக் இருக்கும். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் பிசுக்கை வடிக்கச் சொன்னால் டயாஃப்ரத்தின் ஆயுள் நீளும்.

யார் எதைத் தொடலாம் என்பதில் நான் கறார். ப்ளக், ஏர் ஃபில்டர், ஃப்யூஸ், தண்ணீர் ஹோஸ் எல்லாம் கைவசம் ஸ்பேனர் உள்ள யாரும் பார்க்கலாம். கேஸ் ஃபில்டரையும் வேப்பரைசரையும் கேஸ் வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். டாங்கும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் மல்டிவால்வும் அங்கீகாரம் பெற்ற மையத்துக்கு மட்டுமே. எவ்வளவு கெட்டிக்காரரானாலும் வீட்டு வாசலில் வைத்து டாங்க் வால்வைக் கழற்றுகிற வேலை வேண்டாம்.

மெக்கானிக் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்கவாவது முறை தெரிந்திருக்க வேண்டும். வண்டி திறந்தவெளியில் நிற்க வேண்டும். டாங்க் வால்வை மூடிவிட்டு, குழாயில் மிச்சமிருக்கும் கேஸ் தீர்ந்து என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். பிறகு பேட்டரி கனெக்ஷனைக் கழற்ற வேண்டும். கீழே இறங்கி வேலை பார்க்கும் பள்ளத்தின் மேல் கேஸ் வண்டியை நிறுத்தி லைனைக் கழற்றுகிற பட்டறையைப் பார்த்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். மேலே போகாது; பள்ளத்தில் இறங்கித் தேங்கும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். திரவமாகவே கையில் பட்டால் சூடு பட்ட மாதிரி தோல் வெந்துபோகும், அத்தனை குளிர்ச்சி, கையுறை அதற்குத்தான்.

கேஸ் குழாய் மூட்டுகளுக்குள்ளே ஒரு சின்ன பித்தளை வளையம் இருக்கும். ஒருமுறை இறுக்கியது குழாயைக் கவ்விப்பிடித்துவிடும். கழற்றிய மூட்டைப் பழைய வளையத்தோடு மறுபடி முறுக்கினால் கசியும். கசிகிறதே என்று இன்னும் முறுக்கினால் மரை போகும். குழாய் நுனியைக் கொஞ்சம் வெட்டிப் புது வளையம் போடுவதுதான் வேலை. ஹோஸும் எல்பிஜிக்கென்றே வருவதாக இருக்க வேண்டும். சாதாரண ரப்பரை எல்பிஜி தின்றுவிடும். எல்லாம் முடிந்ததும் சோப்பு நுரையைத் தடவி, ஒவ்வொரு மூட்டிலும் குமிழி வருகிறதா என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தீக்குச்சி கிழித்துக் கசிவு பார்க்கிற தைரியசாலிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் வண்டியை விடாதீர்கள்.

சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் கிடைக்காத உதிரிபாகம் இல்லை. கண்ணாடி, கதவு, விளக்கு எல்லாம் செகண்ட் ஹாண்டில் தாராளமாக வாங்குங்கள். கேஸ் வால்வையும் டாங்கையும் மட்டும் அப்படி வாங்காதீர்கள். டாங்கில் பொறித்த எண்ணும் சோதனைத் தேதியும் உங்கள் வண்டியின் ஆவணங்களோடு ஒத்துப்போக வேண்டும். அந்த டாங்கை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்பது விதி. பலர் எஃப்.சி.க்குப் போகும்போதுதான் அது நினைவுக்கு வந்து அல்லாடுகிறார்கள்.

மல்டிவால்வின் ஆரோக்கியத்தைப் பங்க் பில்லே சொல்லிவிடும். டாங்கில் 80 சதவீதம்தான் நிரப்ப வேண்டும். வெயிலில் திரவம் விரிய மீதி இடம் தேவை. 20 லிட்டர் கொள்ளளவு என்றால் 16 லிட்டரோடு மிதவை தானாக அடைத்துவிடும். என்றைக்காவது 18, 19 என்று மீட்டர் ஓடினால் ‘இன்னிக்கு நல்லா பிடிக்குது’ என்று சந்தோஷப்படாதீர்கள், மிதவை மாட்டிக்கொண்டிருக்கிறது. நேராக சர்வீஸுக்கு விடுங்கள். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரிலிருந்து மோட்டார் வைத்து வண்டிக்கு ஏற்றுகிற வேலையில் இப்படி அளந்து நிறுத்த ஆளுமில்லை, சுற்றிலும் பாதுகாப்புமில்லை. அது சட்டவிரோதம் என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டு மூன்று பேர் மைலேஜைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு லிட்டர் எல்பிஜியில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோலில் 15 கொடுத்த கார் கேஸில் 12 கொடுத்தால் அதில் கோளாறு ஒன்றுமில்லை. கணக்கை லிட்டருக்குப் போடாமல் ரூபாய்க்குப் போட்டுப் பாருங்கள். எட்டு, ஒன்பது என்று இறங்கினால் எழுதுங்கள்.

எழுதும்போது நான்கு விவரம் மறக்காமல் சேருங்கள்: வண்டியும் கிட்டும் எந்த மாடல், பெட்ரோலில் எப்படி ஓடுகிறது, கோளாறு வருவது குளிர்ந்த என்ஜினிலா சூடான பிறகா, கடைசியாக எதை மாற்றினீர்கள். ‘கேஸ் ப்ராப்ளம்’ என்று மட்டும் எழுதினால் எங்கள் தொழில்நுட்பக் குழுவினர் என்னைத்தான் முறைக்கிறார்கள். கேஸ் வண்டியின் டேப்பட் இடைவெளி ஏன் சீக்கிரம் இறுகுகிறது என்று சேலத்திலிருந்து ஆட்டோ ஓட்டும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அதற்கு வால்வு சீட்டிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த இதழில் படங்களோடு வருகிறது.

அன்புடன்,
ஆசிரியர்