ரிப்போர்ட் நார்மல், வலி நிஜம்

ஆசிரியருக்கு,

சென்ற இதழின் மூட்டுவலிக் கட்டுரை ஃபைப்ரோமயால்ஜியாவை ஒரே வரியில் கடந்துவிட்டது. என் அக்காவுக்கு இந்த நோய்தான். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் நார்மல்; ஆனால் ஃப்ரிட்ஜிலிருந்து இட்லி மாவுப் பாத்திரத்தை எடுத்து வைப்பதற்குள் தோள்பட்டை இற்றுப்போகும். "எல்லாம் மனசுதான்" என்றார்கள் வீட்டில். மூளையும் நரம்புகளும் வலியைக் கூட்டிக் காட்டும் கோளாறு இது, பாசாங்கு அல்ல.

மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளுக்கு இது பெரும்பாலும் கேட்பதில்லை, வயிறுதான் கெடும். இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், அல்லது பிரிகாபலின், டுலாக்ஸடின் சிலருக்கு உதவும். அமிட்ரிப்டிலினும் டுலாக்ஸடினும் மனச்சோர்வு மாத்திரைகளாயிற்றே என்று மிரள வேண்டாம், நரம்பின் வலியைத் தணிக்கவும் அவற்றைத் தருவதுண்டு. ஆனால் 2017இல் ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் அமைப்பு அழுத்தமாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான்.

அக்கா தெருமுனை வரை நடக்கத் தொடங்கியபோது முதலில் வலி கூடத்தான் செய்தது. இதைச் சொல்லாமல் "வாக்கிங் போங்க" என்று அனுப்பிவிடுவதால்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். எவ்வளவு நேரம் நடப்பது, எப்படிப் படிப்படியாகக் கூட்டுவது என்பதையும் டாக்டர்கள் மருந்துச் சீட்டிலேயே எழுதித் தர வேண்டும். இதுபற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள்.

– ஒரு வாசகி, கும்பகோணம்