ஈரத்தோடு மடித்த பாய்



2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடாயிற்று. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. காணையில் எங்கள் மதரஸா முற்றத்தில் பிள்ளைகளின் நிழலுக்காகக் கட்டியிருந்த பருத்திப் படுதாவை முதல் தூறலிலேயே அவிழ்த்து, நனைந்தபடியே மடித்து மூலையில் போட்டேன். மூன்று வாரம் சென்று பிரித்தபோது உள்ளெங்கும் கரும்புள்ளிகள். மடிப்பில் விரல் பட்ட இடம் கிழிந்தது. ஊரார் ஐம்பதும் நூறுமாகத் தந்த பணத்தில் வாங்கிய பொருள் அது. புயல் அதைத் தொடவில்லை. என் சோம்பல்தான் தொட்டது.

பரங்கிப்பேட்டையிலிருந்து வந்திருந்த என் துணைவியாரின் பெரியவாப்பாவிடம் இதைக் கூறி வருந்தினேன். இளமையில் பாய்மரத் தோணியில் சென்றவர் அவர். "மாப்பிள்ளை, பாயைக் காற்று கிழிப்பது குறைவு. ஈரத்தோடு மடிக்கிற கைதான் கிழிக்கிறது" என்றார். பிறகு அவர் சொன்னவை யாவும் எனக்குப் பாடமாயின.

விரிக்கும் பாயையும் மரக்கலத்தின் பாயையும் ஒரே சொல்லால் அழைப்பது நம் மொழி. இரண்டுக்கும் பகையும் ஒன்றே: பூசணம். ஈரமும் இருளும் காற்றில்லாமையும் ஒன்றுசேர்ந்தால் அது முளைக்கும். பருத்தி நூலையே உணவாகக் கொள்ளும். கடற்பாய்க்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. மரக்காணத்து உப்பு மழைக்காலத்தில் மூட்டையிலேயே கசிவதை நாம் அறிவோம். பாயில் படிந்த கடலுப்பும் அவ்வாறே காற்றின் ஈரத்தை ஈர்த்து, உலர்ந்த துணியை மீண்டும் நனைக்கும். ஆகவே முதல் வேலை, நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசுதல்.

அடுத்தது உலர்த்துதல். துறையில் காற்றடங்கிய வேளையில் பாயைத் தளர ஏற்றிவிட்டு உலரவிடுவது கடலோடிகளின் வழக்கம். நடுப்பகுதி விரைவில் காய்ந்துவிடும். தையலும் ஓரக்கயிறும்தான் கடைசியில் காயும். அங்கே கைவைத்துப் பார்த்த பின்னரே மடிக்க வேண்டும். வெயில் இல்லாத நாளில் மடிப்பதைவிடக் கொடியில் தொங்கவிடுவதே மேல்.

முன்னோர் வேறொரு காப்பும் செய்தனர். மரப்பட்டைகளைக் காய்ச்சிய துவர்ப்புச் சாற்றில் பாயையும் வலையையும் தோய்த்தெடுத்தனர். வெற்றிலையோடு நாம் மெல்லும் காசுக்கட்டி, இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலேறி இங்கிலாந்து சென்று, அந்நாட்டு மீனவரின் வலைகளுக்கும் பாய்களுக்கும் இவ்வாறே பயன்பட்டது. துவர்ப்பு பூசணத்துக்கு ஆகாது என்பதே அதன் காரணம்.

இக்காலப் பந்தயப் படகுகளின் பாய்கள் பெரும்பாலும் பாலியெஸ்டர் முதலிய செயற்கை இழைகளால் ஆனவை. பூசணம் அவ்விழையைத் தின்னாது. ஆயினும் அதன்மேல் படிந்த அழுக்கில் வளர்ந்து, நீங்காத கறையை விட்டுச் செல்லும். அவற்றுக்குக் கடும் வெயிலும் பகை. நாள்பட்ட வெயிலில் இழை நலிந்துவிடும். எனவே காற்றோட்டமுள்ள நிழலே ஏற்றது.

பூசணம் பிடித்துவிட்டால், மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, வெட்டவெளியில் மென்மையான தூரிகையால் உலர்ந்த நிலையிலேயே தட்டிவிடுங்கள். பின்னர் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பைக் கரைத்துக் கழுவி, சோப்பு முற்றிலும் நீங்க அலசுங்கள். பிளீச்சிங் பவுடரை நாடாதீர்கள். அது பருத்தியை அரிக்கும், நைலானைக் கெடுக்கும். எடுத்து வைக்கும்போது தரையில் படாமல் பரணில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி மூச்சடைக்காதீர்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றுங்கள்.

கடலோரத்தார்க்கு மட்டும் உரிய பாடம் அன்று இது. நெல் மூடும் தார்ப்பாய், திருமணப் பந்தல் துணி, வந்தவாசிக் கோரைப் பாய், குடை ஆகிய அனைத்துக்கும் இதுவே முறை.

எங்கள் படுதாவில் பாதி தேறியது. மீதிக்கு என் கையிலிருந்தே ஈடு செய்தேன். இப்பொழுது மழை விட்டதும் பிள்ளைகள் இருவர் தையலைத் தொட்டுப் பார்த்து, "காய்ந்துவிட்டது உஸ்தாத்" என்று சொன்ன பின்னரே மடிக்கிறோம். பிறர் நம்பி ஒப்படைத்த பொருள் அமானிதம். அதைக் காப்பதற்குப் பெரும் செல்வம் வேண்டியதில்லை. மடிக்குமுன் ஒரு நொடி கைவைத்துப் பார்க்கும் பொறுமை போதும்.