ஆள் வருது

பஸ் நிலையத்தில் வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகக் கைக்குட்டை விழும். சில சமயம் துண்டு, குடை, பள்ளிக்கூடப் பை. அந்த இடத்தில் உட்காரப் போகிறவரிடம் பக்கத்தில் இருப்பவர் இரண்டே சொற்களில் விஷயத்தை முடித்துவிடுவார்: "ஆள் வருது." இதை மொழிபெயர்க்கச் சொன்னால் எனக்குக் கை ஓடாது. வருவதாகச் சொல்லப்படும் ஆள் எங்கே இருக்கிறார், எப்போது வருவார், ஒருவரா, ஐந்து பேரா எதற்கும் அதில் விடை கிடையாது. போதாக்குறைக்கு, உயர்திணை ஆளுக்கு அஃறிணை வினைமுற்று. இலக்கண ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் இருக்கையில் அப்போது இருப்பது கைக்குட்டைதானே? பொருத்தமான முடிபுதான்.

இந்த வாக்கியம் இப்போது கப்பலும் ஏறிவிட்டது. 2021இல் கார்டீலியா நிறுவனம் மும்பையிலிருந்து உல்லாசக் கப்பல் விடத் தொடங்கியது. 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் அந்தக் கப்பல் கிளம்பியது. சிங்கப்பூருக்கு விமானத்தில் போய் அங்கிருந்து கப்பல் ஏறும் இந்தியக் குடும்பங்களும் ஏராளம். அறையில் ஜன்னல் உண்டா, பால்கனி உண்டா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கிளம்பும் முன் எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். விசாரிக்காமல் விடுவது ஒன்றுதான்: மாலை நிகழ்ச்சிக்கு எங்கே உட்காருவது? கட்டணத்தில் தங்கும் அறை, சாப்பாடு, ஆட்டம் பாட்டம் எல்லாம் அடக்கம். அறைக்கு எண் உண்டு. அரங்கத்து நாற்காலிக்குப் பெரும்பாலும் எண் கிடையாது. முந்தியவருக்கு முன் வரிசை.

பிரச்சினையின் வேர் எளிய கணக்கில் இருக்கிறது. 2009இல் கடலில் இறங்கிய 'ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்' கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்கு இருவர் என்று வைத்தால் 5,400 பேர். அதன் முக்கிய அரங்கில் சுமார் 1,380 இருக்கைகள். எல்லோரும் ஒரே நாடகத்தைப் பார்க்க விரும்பினால் நான்கு முறை நடத்த வேண்டும். கப்பல் நிறுவனங்களுக்கு இது தெரியாததல்ல. அதே கப்பலில் பனிச்சறுக்கு நடன மேடை ஒன்றும், பின்புறத்தில் திறந்தவெளி நீர் அரங்கம் ஒன்றும் இருக்கின்றன. நகைச்சுவைக்கு ஒரு சிறு கூடம், பாட்டுக்குச் சில மதுக்கூடங்கள். இத்தனையும் பயணியை மகிழ்விக்க மட்டுமல்ல. ஒரே வேளையில் எல்லோரும் ஒரே வாசலில் வந்து முட்டிக்கொள்ளாமல் இருக்கவும்தான்.

கூட்டத்தைப் பிரிக்கும் இன்னொரு தந்திரம் சாப்பாட்டு மேஜையில் நடக்கிறது. மரபான ஏற்பாட்டில் இரவு விருந்து இரண்டு பந்தி. மாலை ஆறு மணி வாக்கில் முதல் பந்தி, எட்டரை வாக்கில் இரண்டாவது. முதல் பந்தியில் சாப்பிட்டவர்கள் இரண்டாவது காட்சிக்குப் போவார்கள். முதல் காட்சி பார்த்தவர்கள் இரண்டாம் பந்தியில் உட்காருவார்கள். நம் கல்யாண வீடுகளில் முகூர்த்தத்துக்கும் பந்திக்கும் கூட்டத்தை மாற்றி மாற்றி அனுப்புவது போலத்தான். ஆகவே பந்தியைத் தேர்ந்தெடுக்கும்போதே காட்சியையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். இது தெரியாமல் ஏழு மணிக்கு மேஜையில் உட்கார்ந்துகொண்டு, ஏழரை மணி நாடகத்துக்கு நல்ல இடம் கிடைக்கவில்லை என்று குறைப்படுவதில் பயனில்லை.

நேரம் சாப்பாட்டை மட்டும் பொறுத்ததல்ல. பகல் முழுதும் துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்றிய நாளில் இரவு பத்து மணிக் காட்சிக்குக் கூட்டம் மெலிந்திருக்கும். பாதிப் பேர் கால்வலியோடு படுத்திருப்பார்கள். கப்பல் எங்கும் நிற்காமல் போகும் நாளில் இரண்டு காட்சிகளும் நிரம்பும். பெரிய கப்பல்கள் சிலவற்றில் கட்டணமில்லாத முன்பதிவு உண்டு. கைப்பேசியில் வீட்டிலிருந்தே செய்யலாம். பல கப்பல்களில் இது உள்ளே நுழையும் உரிமைதான். எந்த நாற்காலி என்பதை அது சொல்லாது. காட்சிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாக வராவிட்டால், வாசலில் முன்பதிவில்லாமல் காத்திருப்பவர்களை உள்ளே விட்டுவிடுவார்கள். முன்பதிவு கிடைக்காதவர்களுக்கு இதுவே நல்ல செய்தி. அந்த வரிசையில் நிற்பது பெரும்பாலும் வீண்போவதில்லை.

சரி, நல்ல இடம் எது? முன்வரிசை என்று பலரும் நினைக்கிறார்கள். அது சினிமாக் கொட்டகையில் எவ்வளவு உண்மையோ அவ்வளவுதான் இங்கும் உண்மை. முதல் வரிசையிலிருந்து மேடையை அண்ணாந்து பார்க்க வேண்டும். நடனக்காரர்களின் பாதம் தெரியாது. நகைச்சுவைக் கலைஞர் கிண்டலுக்கு ஆள் தேடும்போது கண்ணில் படுவதும் அந்த வரிசைதான். நீர் அரங்கமானால் நனைவதும் அதுதான். தரை கொஞ்சம் உயரத் தொடங்கும் நடு வரிசைகள் மேல். பழைய கப்பல்களில் கூரையைத் தாங்கும் தூண்கள் உண்டு. உட்காரும் முன் மேடையின் இரு ஓரமும் தெரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். மாடியின் முதல் வரிசை கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் அங்கே கைப்பிடிக் கம்பி சரியாகக் கண்மட்டத்தில் நின்று, குழந்தைகளுக்கும் குள்ளமானவர்களுக்கும் மேடையை இரண்டாக வெட்டிவிடும்.

நிலத்து அரங்குக்கு இல்லாத விதி ஒன்று கடலில் உண்டு. பெரும்பாலான கப்பல்களில் முக்கிய அரங்கம் முன்பகுதியில் இருக்கிறது. அலை எழும்போது கப்பல் ஏற்றப்பலகை போல ஆடும்; முனைகள் அதிகம் ஏறி இறங்கும், நடுப்பகுதி குறைவாக. ஆகவே தலைசுற்றும் உடம்புக்காரர்களுக்கு மாடி வேண்டாம். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவை ஒட்டிய பின்வரிசைதான் நல்ல இடம். வாசலும் பக்கம், கழிவறையும் பக்கம். எல்லோரும் முண்டியடிக்கும் இடம் எல்லோருக்கும் நல்ல இடமல்ல என்று தெரிந்தால் பாதிச் சண்டை தீரும்.

மீதிச் சண்டைதான் 'ஆள் வருது'.

சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய ஒரு கப்பலில், காட்சிக்கு அரை மணிக்கு முன்பே அரங்கத்தின் நல்ல வரிசை ஒன்றில் ஓர் இளைஞன் தனியாக உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இரு பக்கமும் எட்டு நாற்காலிகளில் இரண்டு சால்வை, ஒரு தொப்பி, தண்ணீர் பாட்டில், நிகழ்ச்சிக் குறிப்புத் தாள்கள். எழுபது வயதைத் தாண்டிய தம்பதி ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தமிழர்கள்தான். "ஆள் வருது, அங்கிள்" என்றான். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. அவர்கள் ஒன்றும் சொல்லாமல் மாடிப்படி ஏறினார்கள். விளக்கு அணைந்தது, எட்டு நாற்காலிகளும் காலியாகவே இருந்தன. காட்சி தொடங்கி இருபது நிமிடம் கழித்து, விருந்து முடித்து, இருட்டில் பலர் காலை மிதித்துக்கொண்டு அந்தக் குடும்பம் வந்து சேர்ந்தது. குழந்தைக்குத் தூக்கம் வந்ததால் முடிவதற்கு முன்பே எழுந்தும் போனது.

அந்த இளைஞன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் குடும்பம் அனுப்பிய தூதுவன். மற்றவர்கள் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் பட்டினியாகக் காவல் இருந்தான். பாட்டிக்கு நல்ல இடம் வேண்டும், பிள்ளைகள் பிரிந்து உட்காரக் கூடாது. இடம் பிடிப்பதன் பின்னால் இருப்பது பாசம்தான். மாடிப்படி ஏறிய பாட்டி வேறு வீட்டுப் பாட்டி என்பதுதான் சங்கடம். நம்மவர்களிடம் பாசமும் அடுத்தவர்களிடம் அலட்சியமும் ஒரே துண்டின் இரு முனைகள்.

இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. நீச்சல் குளத்தோரச் சாய்வு நாற்காலிகளில் விடியற்காலையில் துண்டு விரித்துவிட்டுப் போய்த் தூங்குகிறார்கள் என்று ஜெர்மானியர்களைப் பிரிட்டிஷ்காரர்கள் ஓயாமல் கிண்டல் செய்வார்கள். உண்மையில் எல்லா நாட்டாரும் செய்கிறார்கள். 2013இல் அமெரிக்காவின் கார்னிவல் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. ஆளில்லாமல் துண்டு மட்டும் கிடக்கும் நாற்காலியில் ஊழியர் நேரம் குறித்த சீட்டு ஒன்றை ஒட்டுவார். 40 நிமிடத்தில் ஆள் வராவிட்டால் பொருட்களை எடுத்து வைத்துவிட்டு நாற்காலியை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். அரங்குகளிலும் இடம் பிடித்து வைக்கக் கூடாது என்ற விதி பல கப்பல்களில் உண்டு. ஆனால் காசு கொடுத்து வந்த விருந்தாளியிடம் புன்னகை மாறாமல் எவ்வளவு தூரம்தான் வாதாட முடியும்? பல்கலைக்கழகப் பட்டமும் வீட்டில் கடனும் வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து வேலை செய்கிறவர் அந்த ஊழியர். புகார் ஒன்று எழுதிவிட்டால் அவர் கதி என்ன?

சின்ன விஷயம், இதற்கு ஏன் இத்தனை பேச்சு என்று கேட்கலாம். சின்ன விஷயமல்ல என்று நினைக்கிறேன். 1912இல் மூழ்கிய டைட்டானிக்கில் மூன்று வகுப்புகள். மூன்றாம் வகுப்புப் பயணி முதல் வகுப்புக் கூடத்தில் காலடி வைக்க முடியாது. இன்றைய உல்லாசக் கப்பலின் ஓசைப்படாத சாதனை, அந்தச் சுவர்களைப் பெருமளவு இடித்ததுதான். ஜன்னல்கூட இல்லாத உள்ளறைக்காரரும் மாடமாளிகை போன்ற சூட்டில் தங்குகிறவரும் மாலையில் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடிந்தது. அங்கே செலாவணியாவது பணமல்ல, நேரம். முன்னதாக வருகிறவருக்கு நல்ல இடம்.

அந்தச் சுவர் மறுபடியும் எழும்பிக்கொண்டிருக்கிறது. 2007இல் வந்த 'குயின் விக்டோரியா'வில் பழைய லண்டன் நாடகக் கொட்டகை பாணியில் தனி மாடங்கள் அமைத்தார்கள்; தனிக் கட்டணம். 2008இல் எம்.எஸ்.சி. நிறுவனம் கப்பலுக்குள் ஒரு தனிக் கப்பலைப் போல, வசதி படைத்தவர்களுக்கு மட்டுமான பகுதியைத் தொடங்கியது. மற்ற நிறுவனங்களிலும் இதே வழக்கம் பரவியது. சூட் பயணிகளுக்கென்று அரங்கில் வரிசைகளை ஒதுக்கி வைக்கும் கப்பல்கள் இன்று இருக்கின்றன. லாபம்தான் முதல் காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் காரணத்தைத் தட்டில் வைத்து நீட்டுகிறவர்கள் நாம். இடத்துக்காகத் தினம் மனத்தாங்கல் என்றால், இடத்துக்கு விலை வைத்துவிடுவது நிர்வாகத்துக்கு எளிது. சால்வை போட்டு எட்டு நாற்காலியைப் பிடித்தவர், நாளைக்கு எட்டுக்கும் காசு கேட்கும்போது மட்டும் ஆச்சரியப்படக் கூடாது.

அதற்காக, கழிவறைக்குப் போன கணவருக்கு ஒரு நாற்காலியைப் பார்த்துக்கொள்வதைக்கூடத் தவறு என்று சொல்லவில்லை. கூட வந்தவர் ஒருவருக்கு, பக்கத்து நாற்காலி ஒன்று, சில நிமிடம்: இந்த அளவை உலகம் முழுதும் பொறுத்துக்கொள்வார்கள். பெரிய குடும்பமென்றால் மொத்தமாக முன்னதாக வரலாம். அல்லது இரண்டு வரிசைகளில் பிரிந்து உட்காரலாம். ஒன்றரை மணி நேரப் பிரிவில் எந்தக் கூட்டுக் குடும்பமும் உடைந்துவிடாது. சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் துணைக்கு வருபவருக்கும் விடப்பட்ட இடங்களைத் தொடவே கூடாது. காட்சி தொடங்கும் நேரத்தில் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால், சால்வையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நிற்பவரைப் பார்த்துக் கை காட்டலாம். இதற்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

வந்த ஆளுக்குத்தான் நாற்காலி. வருகிற ஆளுக்கு இரண்டாவது காட்சி இருக்கிறது.