சிரிப்பும் ஆயுளும்

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பது நம் முன்னோர் வாக்கு. நோய் விட்டால் ஆயுள் நீளும் என்பதும் அதில் அடங்கியதே. இது மெய்தானா என்று மேல்நாட்டு அறிஞர்கள் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நார்வே தேசத்தில் 50,000-க்கு மேற்பட்ட ஜனங்களை 15 வருஷ காலம் கவனித்து, 2016-ல் முடிவை வெளியிட்டனர். நகைச்சுவை உணர்ச்சி மிகுந்த ஸ்திரீகளிடையே மரணம் குறைந்து காணப்பட்டது. புருஷர்களுக்கோ தொற்று நோய்களால் நேரும் மரணத்தில் மட்டுமே அந்தப் பயன் தெளிவாகத் தெரிந்தது. அமெரிக்காவில் 1921-ல் தொடங்கிய வேறோர் ஆராய்ச்சி நேர்மாறாகச் சொல்லுகிறது. சுமார் 1,500 சிறுவர் சிறுமியரை முதுமை வரை தொடர்ந்து பார்த்ததில், கலகலப்பான பிள்ளைகளைவிடப் பொறுப்பும் நிதானமும் உள்ள பிள்ளைகளே நெடுநாள் வாழ்ந்தனராம்.

சாஸ்திரம் இரு வகையாகப் பேசும்போது நமது சொந்த அனுபவத்தைக் கேட்பது நன்று. இன்றைய தூத்துக்குடி ஜில்லாவைச் சேர்ந்த எட்டயபுரத்தில் பிறந்த பாரதியாரைவிடச் சிரிக்கவும் சிரிக்க வைக்கவும் தெரிந்தவர் யார்? 'இந்தியா' பத்திரிகையின் கேலிச் சித்திரங்களால் அந்நிய சர்க்காரை நகைப்புக்கு இடமாக்கினார். ஆனால் வறுமை அவரை விட்டு அகலவில்லை. 1921-ல் அவர் மறைந்தபோது வயது 38. தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையுடன் தோள் கொடுத்து நின்று, 1908-ல் சிறை புகுந்த சுப்பிரமணிய சிவாவை அங்கே தொழுநோய் பற்றியது. 1925-ல் அவர் காலமானபோது வயது 40. வறுமையும் சிறையும் தின்ற ஆயுளை எந்தச் சிரிப்பும் மீட்டுத் தராது.

அப்படியானால் சிரிப்பு வீணோ? வீண் அன்று. இதற்கு நமது முத்துக்குளித்துறையே சான்று. அரசாங்க முத்துக்குளிப்பு இங்கே 1961-ல்தான் கடைசியாக நடந்தது. கல்லின் பாரத்தால் ஒருவர் கடலுக்குள் இறங்குவார். மற்றொருவர் தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்று சொல்வதுண்டு. தங்கையின் தாலிக்கு அஞ்சி அவன் அயரமாட்டான் என்பது கருத்து. மாமன் மைத்துனன் கேலி நாடறிந்தது. தோணியில் அக்கேலி அச்சத்தைப் போக்கும். ஆனால் மூழ்கியவரை மேலே கொணர்வது கயிறே அன்றிக் கேலி அன்று. எனினும் கூடிச் சிரித்தவர்கள் ஒருவர் கயிற்றை மற்றவர் எளிதில் கைவிடுவதில்லை. சிரிப்பு ஆயுளைத் தருமானால் இந்த வழியில்தான் தரும் என்பது நமது அபிப்பிராயம்.

இதை மறந்து, தூத்துக்குடி உப்பளங்களில் உழைப்போரிடம் சென்று, "சிரியுங்கள், நெடுநாள் வாழ்வீர்கள்" என்று உபதேசிப்பது பரிகாசமாகும். வெண்ணிற உப்பில் பட்டு மீளும் வெயில் அவர்கள் கண்களை வருத்துகிறது. உப்பு நீர் கால்களைப் புண்ணாக்குகிறது. காலுக்கு உறையும், கண்ணுக்குக் கண்ணாடியும், ஒதுங்க நிழலும், குடிக்க நல்ல நீரும், நோய்க்கு வைத்தியமும்தான் அவர்களுக்கு வேண்டிய கயிறு. அதைப் பிடிக்க வேண்டியவர்கள் உப்பள முதலாளிகளும் அரசாங்கமும். அவர்கள் கை தளராமல் பார்த்துக்கொள்வது பொது ஜனங்களாகிய நமது பொறுப்பு.

தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வதே தேச சேவை என்று எண்ணவேண்டாம். சிரித்த முகத்துடன் செல்லுங்கள். ஆனால் வெறுங்கையுடன் செல்லாதீர்கள். முதலில் கயிற்றைப் பிடிப்போம்; மூழ்கியவர் கரையேறிய பின் எல்லோரும் சேர்ந்தே சிரிப்போம்.